ஏழு தகடுகளுக்குள் நின்ற ரிவெட்டு

என் எழுத்து கோணலாக இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இத்தனை வருடங்களில் நான் எழுதியதெல்லாம் பெரும்பாலும் வெண்கட்டியால் இரும்பின் மேல் போட்ட கோடுகள்தான். எந்த இடத்தில் சின்ன ரகரம், எந்த இடத்தில் பெரிய றகரம் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. வாசிப்பவர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். விசயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது நடந்தபடியே எழுதியிருக்கிறேன்.

நான் வேலை செய்த இரும்பு வேலைத்தலம் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு இறங்கும் தெரு ஒன்றில் இருக்கிறது. முப்பத்தாறு வருடம் அங்கே இருந்தேன். போன வருடம் இடது காது முற்றாக அடைத்துப் போனதால் ஐம்பது வயதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது வெள்ளவத்தையில் மகளுடன் இருக்கிறேன். அந்த வேலைத்தலத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் தம்பி என்னைத் தேடி இரண்டு தரம் இங்கே வந்தார். தகடுகளை உருக்கி ஒட்டும் மின்சார யந்திரம் வந்து இறங்கியிருக்கிறதாம். எதை ஒட்டுவது, எதை ரிவெட்டு அடிப்பது, எதைப் போல்ட்டுப் போட்டு இறுக்குவது என்று அங்கே ஓயாத வாக்குவாதமாம். "நீங்கள் எப்படித் தீர்மானித்தீர்கள் என்று எழுதித் தாருங்கள் ஐயா" என்று கேட்டார். முதல் தரம் முடியாது என்றேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணம் இல்லை.

பதினாலு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு மூன்று வருடம் நட்டுகளையும் போல்ட்டுகளையும் பிரித்து அடுக்கினேன். பிறகு ரிவெட்டு அடிக்கும் செட்டு ஒன்றில் என்னைச் சேர்த்தார்கள். ரிவெட்டு என்பது ஒரு பக்கம் மட்டும் தலை உள்ள இரும்பு ஆணி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளில் துளை போட்டு, உலையில் பழுக்கக் காய்ச்சிய ஆணியை அந்தத் துளைக்குள் செருக வேண்டும். தலையுள்ள பக்கத்தில் ஒருவர் கனத்த இரும்பால் முட்டுக் கொடுப்பார். மற்றப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை ஒருவர் சுத்தியலால் அடித்து இன்னொரு தலையாக ஆக்குவார். ஆறும்போது ஆணி சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் செட்டில் சுத்தியல் பிடித்தவர் மீரான் நானா. புதுக்கடையில் வீடு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவருக்கு எதிர்ப் பக்கத்தில் ஒன்பது வருடம் நான் முட்டுக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் தகடு இருக்கும். அடிக்கும்போது அவருடைய முகம் எனக்குத் தெரியாது, அடி மட்டும் தெரியும். எந்த அடி கோபத்தில் விழுகிறது, எந்த அடி பசியில் விழுகிறது என்று என் தோளுக்குத் தெரியும்.

அதன் பிறகு எங்கள் மேற்பார்வையாளரான போமன், அடித்த ரிவெட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு என்னை மாற்றினார். போமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் ஐயா என்கிற மாதிரி, எட்வின் மாத்தயா என்று எல்லோரும் கூப்பிடுவோம். பறங்கியர், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவர். தமிழ், சிங்களம், இங்கிலீசு மூன்றையும் ஒரே மூச்சில் கதைப்பார். ஒரு பொருத்தைப் பார்க்க வந்தால் முதலில் தொப்பியைக் கழற்றி எங்காவது கொளுவிவிட்டுத்தான் கிட்டப் போவார். யாரையும் மற்றவர்களுக்கு முன்னால் ஏச மாட்டார். தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுவார். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். காது கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

என்னை மாற்றிய அன்று அந்தப் பீப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்.

"நீ கதைக்கிறது குறைவு, சவரி. அது நல்லது. தட்டிப் பாக்கிறவன் வாயால கதைச்சா சண்டை வரும் மேன். நீ சோக்கால கதை."

அப்படித்தான் நான் கதைத்தேன். ரிவெட்டு முழுதாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூட்டோடு தட்டினால் சரியான பதில் கிடைக்காது. ஆறிய பிறகு இடது கை ஆட்காட்டி விரலைப் பாதி தலையின் விளிம்பிலும் பாதி தகட்டிலும் படும்படி வைத்து, எதிர்ப் பக்கத்தில் சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டு. இறுக்கமான ரிவெட்டு என்றால் அடி மட்டும் விரலுக்கு வரும். இளகியது என்றால் அடிக்குப் பின்னால் ஒரு சின்ன நடுக்கம் வரும். பூனைக்குட்டியின் முதுகைத் தொடுவது போல இருக்கும். நடுக்கம் வந்தால் தலையில் வெண்கட்டியால் ஒரு குறுக்குக் கோடு. கோடு விழுந்த ரிவெட்டை அடித்தவர்களே வெட்டி எடுத்துவிட்டு வேறு அடிக்க வேண்டும். நான் காரணம் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

எங்கள் உலைக்காரன் சிறிசேனவுக்கு இது பெரிய வேடிக்கை. எனக்குக் கலியாணம் நடந்த கிழமை செட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"சவரி அய்யே கோயில்லயும் வாயத் தொறக்க இல்லயாம். பாதர் கேட்டதுக்கு சோக்கால கோடு போட்டுத்தானாம் சம்மதம் சொன்னது."

மீரான் நானா சிரித்ததில் சுத்தியல் தவறித் தகட்டில் விழுந்தது.

அவருடைய ரிவெட்டுகளில் நான் கோடு போடுவது அபூர்வம். நூற்றுக்கு ஒன்று இருந்தால் பெரிது. நான் சுத்தியலோடு வருவதைக் கண்டால் சிரித்துக்கொண்டே ஒதுங்கி, "தட்டு, தட்டு. எண்ட ஆணி பதில் செல்லும்" என்பார். அது வெறும் பெருமை இல்லை. ஆணியின் நீளத்தை அவர் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தால் தெரியும். எல்லோரும் தகடுகளின் மொத்தக் கனத்தை அளந்து, அதோடு ஆணியின் தடிப்பைப் போல ஒன்றரை மடங்கைக் கூட்டி எடுப்பார்கள். ஆணி கட்டையாக இருந்தால் தலை சப்பையாகும், நீளமாக இருந்தால் தலையைச் சுற்றி உதடு பிதுங்கும். மீரான் நானா அந்தக் கணக்கோடு நிற்க மாட்டார். துளைக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்ப்பார். துளை கொஞ்சம் அகன்றிருந்தால் அதை நிரப்புவதற்கு இரும்பு கூடுதலாக வேண்டும் என்று அதற்கேற்ற நீளத்தில் எடுப்பார்.

இனி அந்த வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம், ஒரு பண்டகசாலைக்குள் பாரந்தூக்கி ஓடுவதற்கு உத்தரம் செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. உத்தரம் தூணின் மேல் உட்காரும் இடத்தில் முக்கால் அங்குலத் தகடுகள் ஏழு ஒன்றாகச் சேர்ந்தன. ஐந்தே கால் அங்குலக் கனம். வரைபடத்தில் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு தடிப்புள்ள ரிவெட்டு என்று போட்டிருந்தது. ஒரு பொருத்துக்கு முப்பத்தாறு. வரைபடம் மேலிடத்தில் இருந்து வந்தது. அதைப் பற்றிக் கேள்வி கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மீரான் நானாவின் செட்டு முதல் பொருத்தை அடித்து முடித்தது. செவ்வாய் காலையில் நான் தட்டினேன். பதினொரு ரிவெட்டில் நடுக்கம் இருந்தது. கோடு போட்டுக்கொண்டே போனேன். மீரான் நானா வந்து கோடுகளைப் பார்த்தார். உளியை எடுத்தார்.

பதினொன்றையும் வெட்டி வேறு அடித்தார்கள். புதன்கிழமை தட்டினேன். ஐந்தில் நடுக்கம்.

அன்று மத்தியானம் எட்வின் மாத்தயா மீரான் நானாவைப் பீப்பாவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் மறுபக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது. அப்போது எனக்கு இரண்டு காதும் கேட்கும்.

"வெள்ளிக்கிழமை துரை வாறார், மீரான். அண்டைக்கு ஒரு கோடு தெரிஞ்சாலும் இந்த வேலை வேற செட்டுக்குப் போகும். உன்னைப் பழைய இரும்பு பிரிக்கிற பக்கம் போடுவாங்க. என்னால மறிக்க ஏலாது மேன்."

மீரான் நானா தலையை ஆட்டிவிட்டு வந்தார். பிற்பகல் முழுவதும் ஒவ்வொரு ஆணியையும் தானே உலையருகில் நின்று பார்த்து எடுத்தார். வால் பக்கம் கூடச் சூடாகவும் தலைப் பக்கம் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும்படி சிறிசேனவுக்குச் சொன்னார். தகடுகளுக்கு இடையில் மயிரிழைகூட இடைவெளி இல்லாதபடி முதலில் தற்காலிகப் போல்ட்டுகளால் நெரித்துப் பிடித்தார். பிறகு அடித்தார். அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் முப்பத்தாறையும் தட்டினேன். ஒன்றிலும் நடுக்கம் இல்லை. சிறிசேன ஓடிப்போய் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கி வந்தான். மீரான் நானா என் தோளில் கை வைத்தார். ஒன்பது வருடம் முட்டுக் கொடுத்த தோள் அது. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

தேநீரைக் குடித்துவிட்டுக் குவளையைக் கழுவப் போகும் வழியில், வெட்டி எடுத்த ரிவெட்டுகளைப் போட்டிருந்த பெட்டியைக் கடந்து போனேன். தலை போன தண்டுகள் கிடந்தன. ஏன் குனிந்து ஒன்றை எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. தண்டின் இரண்டு முனைகளும் துளையில் உராய்ந்து பளபளத்தன. நடுப்பகுதி, இரண்டு அங்குலத்துக்கும் மேல், உலையில் இருந்து வந்த சாம்பல் நிறச் செதிலோடு அப்படியே இருந்தது. அந்த இடம் துளையின் சுவரைத் தொடவே இல்லை.

இது இளகிய ரிவெட்டு, அதனால் அப்படித்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேறொரு வேலையில், இரண்டு தகட்டுக் கனத்தில் இளகியதென்று வெட்டி எடுத்த தண்டு ஒன்றையும் தேடிப் பிடித்தேன். அது முனையில் இருந்து முனைவரை உராய்ந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

விசயம் இதுதான். ரிவெட்டு ஆறும்போது நீளத்திலும் சுருங்கும், தடிப்பிலும் சுருங்கும். அடிக்கும் அடி ஆணியை வீங்க வைத்துத் துளையை நிரப்பினால் அந்தச் சுருக்கம் பெரிதாகத் தெரியாது. கனம் குறைந்த இடத்தில் அடி உள்ளே வரைக்கும் போகும். ஐந்தே கால் அங்குலத்துக்குள் போகாது. முனைகள் மட்டும் வீங்கும், நடு வீங்காது. ஆனால் நீளம் சுருங்குவதால் தலைகள் இரண்டும் தகட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். நான் தட்டுவது தலையை. தலை இறுக்கமாக இருக்கிறது என்று அது உண்மையைத்தான் சொல்லும். உள்ளே தண்டு வெறும் துளையில் நிற்பதை அது சொல்லாது. பாரந்தூக்கி ஓடும்போது பாரம் முழுக்கத் தண்டில்தான் வரும். தகடுகள் முன்னுக்கும் பின்னுக்கும் சறுக்கத் தொடங்கும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் ஆகும். கீழே மூட்டை சுமப்பவர்கள் நாள் முழுக்க நிற்கும் இடம் அது.

அப்படியானால் அன்று காலையில் நான் சரி என்று விட்ட முப்பத்தாறும் சரியா என்பது எனக்கே தெரியாது. அதைவிட மோசமான ஒன்றும் உடனே ஞாபகம் வந்தது. அதை அப்போது மனதுக்குள் தள்ளி மூடிவிட்டேன்.

அன்று பின்னேரம், மஃரிப் தொழுகை முடிந்த நேரமாகப் பார்த்து, இரண்டு தண்டுகளையும் கடதாசியில் சுற்றிக்கொண்டு புதுக்கடைக்குப் போனேன். மீரான் நானா அவற்றை விளக்குக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நான் நினைத்ததைச் சொல்லி முடித்தேன். எனக்கு அது நீண்ட பேச்சு.

"நேத்து அடிச்சதுட தலை இறுக்கமா ஈக்கா?" என்று கேட்டார்.

"ஓம் நானா."

"நீ தலயத்தானே தட்டுற?"

"ஓம்."

"அப்ப தலயோட நில்லு."

அவர் மனைவி தேநீர் அனுப்பினார். குடித்தேன். எழும்பும்போது மீரான் நானா என் கையைப் பிடித்தார்.

"நாளைக்கு ஒண்டும் செல்லாத, சவரி. இருபத்தெட்டு வருஷம் அடிச்சன். கடைசியில என்னப் பழைய இரும்பு பொறுக்க வெச்சிராத."

கையை விடுவித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். நடந்து வரும்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. பிழை கையில் இல்லை, கனத்தில் இருக்கிறது. அதை எல்லோருக்கும் காட்டிவிட்டால் மீரான் நானாவின் பெயரும் தப்பும், கீழே நிற்பவர்களும் தப்புவார்கள். அந்த எண்ணம் பாதிதான் சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெள்ளைக்கார இன்ஜினியர் துரை வந்தார். எட்வின் மாத்தயா தொப்பியைக் கழற்றி ஏணியில் கொளுவினார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். துரை பார்க்கும்படி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன். முப்பத்தாறும் சரி. எட்வின் மாத்தயா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினால் போதும்.

நான் திரும்பிப் போய், மேல் வரிசையில் எல்லாவற்றையும்விட நன்றாகக் கேட்ட ரிவெட்டின் தலையில் குறுக்குக் கோடு போட்டேன்.

எட்வின் மாத்தயா கிட்ட வந்து தானே விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

"இது நல்லதுதானே மேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"தலை நல்லது மாத்தயா. தண்டு நல்லதா எண்டு எனக்குத் தெரியாது."

"தட்டினனீ தானே?"

"தட்டினாத் தெரியாது மாத்தயா. இந்தக் கனத்துக்கு என்ட சுத்தியல் சரிவராது. வெட்டிப் பாக்க வேணும்."

அவர் துரைக்கு அதை இங்கிலீசில் சொன்னார். துரை தோளைக் குலுக்கி, வெட்டச் சொல்லிக் கை காட்டினார். வெட்ட வேண்டியவர் அடித்தவர். மீரான் நானா உளியை எடுத்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சீவி எறிந்தார். பிறகு துளைக்கு நேராக முளைக்கம்பியை வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு அடி அடித்தார். பெரிய அடி இல்லை. ரிவெட்டு மறுபக்கத்தால் சறுக்கிப் போய்த் தரையில் விழுந்தது.

துளையை நிரப்பி நிற்கும் ரிவெட்டு அப்படி வராது. தலையைச் சீவினாலும் பத்துப் பதினைந்து அடி கேட்கும். சிலது அதற்கும் அசையாது, துளைத்துத்தான் எடுக்க வேண்டும். இதெல்லாம் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். துரை தண்டைப் பொறுக்கி எடுத்து நடுவில் அளந்தார். நடுவில் சாம்பல் நிறச் செதில் இருந்தது. அவர் எட்வின் மாத்தயாவோடு வெகுநேரம் கதைத்தார்.

பிறகு எட்வின் மாத்தயா என்னைப் பீப்பாவுக்குக் கூப்பிட்டார்.

"சவரி, இந்தக் கனத்தில முந்தி ஏதும் நீ பாஸ் பண்ணினனீயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் அப்படி எதுவும் எழுதி வைப்பதில்லை. ஆனால் நான் முதல் நாள் தள்ளி மூடியிருந்தது அதுதான்.

"ஓம் மாத்தயா. கொலன்னாவைப் பக்கம். மூண்டு வருசத்துக்கு முந்தி. ஏழு தகடு. இருபத்திநாலு ரிவெட்டு. எல்லாம் நல்லாக் கேட்டது."

"அடிச்சது ஆர்?"

"நானாதான்."

அவர் பீப்பாத் தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்தார். என்னை ஏசவில்லை. நல்லவேளை இப்போதாவது சொன்னாய் என்றும் சொல்லவில்லை.

இன்ஜினியர் தம்பி கேட்ட விசயம் இங்கேதான் வருகிறது. அன்றிலிருந்து எங்கள் வேலைத்தலத்தில் ஒரு விதி வைத்தார்கள். ஆணியின் தடிப்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தகடுகளின் கனம் இருந்தால் ரிவெட்டு இல்லை, கடைந்த போல்ட்டு. கடைகளில் கிடைக்கும் கறுப்புப் போல்ட்டு அதற்கு உதவாது. அது துளைக்குள் இளகி நிற்கும், ரிவெட்டைவிட மோசம். தகடுகளை எல்லாம் ஒன்றாக இறுக்கிப் பிடித்த பிறகு, ரீமரை விட்டு ஏழு தகட்டுக்கும் ஒரே துளையாகச் சீவ வேண்டும். அந்தத் துளையை அளந்து, அதற்குப் பொருந்தும்படி போல்ட்டின் தண்டைக் கடைசல் யந்திரத்தில் கடைய வேண்டும். கையால் தள்ளினால் உள்ளே போகக் கூடாது. சின்னச் சுத்தியலால் தட்டத் தட்டப் போக வேண்டும். போல்ட்டின் புரி தகட்டுக்குள் நிற்கக் கூடாது. புரி தொடங்கும் இடம் தகட்டுக்கு வெளியே, வாசருக்குள் வரும்படி நீளத்தை வைக்க வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு, அது கழராதபடி வெளியே நீட்டும் புரியைக் கொத்திவிட வேண்டும். இதில் எனக்குத் தட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. போல்ட்டு உள்ளே போகும்போதே நிரப்புகிறதா இல்லையா என்பது கைக்குத் தெரிந்துவிடும். அதுதான் அதன் நன்மை.

கடைந்த போல்ட்டு, யந்திரம் பொருத்தும் பிற்றர்மாரின் வேலை. ரிவெட்டுச் செட்டுக்கு அதில் இடமில்லை. எட்வின் மாத்தயா எல்லோருக்கும் கேட்கும்படி, "உன் பிழை இல்ல மீரான், கனத்தின்ட பிழை" என்றார். அவர் மற்றவர்களுக்கு முன்னால் ஒருவரோடு அப்படிக் கதைத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

மீரான் நானா சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிழை இல்லாட்டி ஏன் மாத்தயா எண்ட வேலய இன்னொருத்தனுக்குக் குடுக்குறீங்க?"

அவரைப் பழைய இரும்புப் பக்கம் போடவில்லை. ஆனால் அடுத்த வேலை என்று அவருக்குக் கொடுத்தது, கொலன்னாவையில் அவரே அடித்த இருபத்திநாலு ரிவெட்டில் வேண்டியதை வெட்டி எடுப்பது. "சவரி கோடு போடுறது எல்லாம் வெளியில வரட்டும். அவனுக்குச் சந்தேகம் இல்லாதது நிக்கட்டும்" என்று எட்வின் மாத்தயா சொல்லி அனுப்பினார்.

லொறியில் நான்கு பேர் போனோம். மீரான் நானா, சிறிசேன, ஒரு பிற்றர், நான். அந்த உத்தரத்தின் மேல் பாரந்தூக்கி மூன்று வருடமாக ஓடியிருந்தது. பொருத்தின் விளிம்பில் பெயின்ற் ஒரு நூல் அளவுக்கு வெடித்து, அதன் வழியே துரு கசிந்திருந்தது. மீரான் நானா அதை விரலால் துடைத்துப் பார்த்தார்.

ஒரு ரிவெட்டை எடுத்தால், அந்தத் துளையைச் சீவிப் போல்ட்டு போட்டு இறுக்கிய பிறகுதான் அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு துளை வெறுமையாக இருக்கக் கூடாது. அதனால் இருபத்திமூன்றுக்கு மூன்று நாள் எடுத்தது. நான் கோடு போடுவேன். அவர் தலையைச் சீவுவார். ஒரு அடி, இரண்டு அடி, சிலவற்றுக்கு நாலு. தண்டு விழும். சிறிசேன முதல் நாள் ஏதோ பகிடி சொல்லிப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் இரண்டு நாளும் மீரான் நானா என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் ஒரே ஒரு ரிவெட்டு மிச்சம் இருந்தது. கீழ் வரிசையின் மூலை. வெண்கட்டியோடு போனேன். அவர் அதற்கு முன்னால் நின்றார்.

"சவரி."

"சொல்லுங்க நானா."

"இத உடு."

நான் நின்றேன்.

"இது எனக்கு ஞாபகம் ஈக்கு. இதத்தான் கடைசியா அடிச்ச. சிறிசேன தீயில கூட நேரம் வெச்சிட்டான் எண்டு அவனுக்கு ஏசினன். வெள்ளையாக் காஞ்சி வந்தது, நல்லா ஓடிச்சி. இது நெரஞ்சி ஈக்கு. ஒண்டு நிண்டா உத்தரத்துக்கு ஒண்டும் ஆகா. உனக்குத் தெரியும் தானே?"

அது உண்மை. இருபத்திமூன்று நல்ல போல்ட்டுக்கு நடுவில் ஒரு ரிவெட்டு நின்றால் அந்தப் பொருத்துக்கு ஒன்றும் ஆகாது. பிற்றர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் விரலை வைத்துத் தட்டினேன். நன்றாகத்தான் கேட்டது. ஆனால் இருபத்திமூன்றும் நன்றாகத்தான் கேட்டன. சந்தேகம் இல்லாதது நிற்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் இருந்தது.

கோடு போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

மீரான் நானா உளியை எடுத்தார். பிறகு தலையைச் சீவினார். முளைக்கம்பியை வைத்து அடித்தார். அசையவில்லை. மறுபடி அடித்தார். ஐந்து, பத்து, இருபது. சிறிசேன வந்து கனத்த சுத்தியலால் அடித்தான். அசையவில்லை. தலை போய்விட்டதால் இனி விடவும் முடியாது. அடுத்த நாளும் வந்து, கையால் சுற்றும் துளைகருவியைக் கொளுவித் துளைத்து எடுக்க வேண்டியதாயிற்று. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சுற்ற வந்தோம். அவர் ஒருவரிடமும் கைப்பிடியைக் கொடுக்கவில்லை. காலையில் தொடங்கி மத்தியானம் தாண்டும்வரை தானே சுற்றினார். அவர் அடித்த நல்ல ரிவெட்டு சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது.

முடிந்ததும் துளையை ஊதித் துப்புரவாக்கி உள்ளே பார்த்தார்.

"இது ஆடவே இல்ல, சவரி" என்றார்.

"ஓம் நானா" என்றேன்.

அவ்வளவுதான். அதன் பிறகு அவர் ஆறு வருடம் எங்களோடு வேலை செய்தார். கண்டால் மழையைப் பற்றிக் கதைப்போம், பிள்ளைகளைப் பற்றிக் கேட்போம். பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புவார், நத்தாருக்கு நான் கேக் அனுப்புவேன். அவருடைய ரிவெட்டுகளை நான் தட்டப் போனால் பீடி பற்ற வைக்க வெளியே போய்விடுவார். பதில் சொல்லும் என்று ஒரு நாளும் பிறகு சொன்னதில்லை.

அவர் உயிரோடு இருக்கும்வரை இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். போன மாதம் மௌத்தாகிவிட்டார். அவரை அடக்கிய மையவாடி வரைக்கும் போய் வந்தேன்.

ஐந்து மடங்குக்கு மேல் கனம் என்றால் ரிவெட்டு வேண்டாம் என்று இன்ஜினியர் தம்பிக்குச் சொல்லுகிறேன். அதில் மாற்றமில்லை. இருபத்திநாலில் ஒன்று நிரம்பியிருந்தது. அது எது என்று வெளியில் இருந்து சொல்ல என்னால் முடியவில்லை. அடித்தவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அதே மூலையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் நான் அந்தக் கோட்டைப் போடத்தான் வேண்டும். ஆனால் போடுவதற்கு முன்னால், "நானா, இது நல்ல ரிவெட்டாகத்தான் இருக்கும், எனக்கு அதைக் காண வழியில்லை" என்று வாயைத் திறந்து சொல்லுவேன். அதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் இருந்தது. அவர் வேலையை விட்ட பிறகும் புதுக்கடை தூரமில்லை.

வெள்ளவத்தை, 1947 செப்டம்பர் மாதம் 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.